சீட்டில் இல்லாத மாடு

புதுச்சேரியின் கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி. அம்மா பேரில் மனுஷ வைத்தியம், பிள்ளை பேரில் மாட்டு வைத்தியம் என்று எங்களுக்குள் ஒரு பழைய கேலி உண்டு. இரண்டு கல்லூரிக்கும் அஞ்சல் குறியீடு ஒன்றுதான், 605009. இரண்டு பட்டத்தையும் வழங்குவது காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம். பயிற்சிக் காலத்தோடு சேர்த்து இரண்டுமே ஐந்தரை வருஷப் படிப்பு. நீட் எழுதிவிட்டு, புதுச்சேரியின் மாணவர் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வில் உட்காரும் பிள்ளைகளில் நாலைந்து மதிப்பெண் வித்தியாசத்தில் ஒருத்தி இங்கே சேர்கிறாள், ஒருத்தி அங்கே சேர்கிறாள். இவ்வளவுக்கும் பிறகு இந்த இரண்டு இடத்தையும் ஒரே ஊராக நினைக்கிற ஆள் தபால்காரர் மட்டும்தான்.

வடக்கே திரும்பினால் 605006. அங்கே ஜிப்மர், அதன் பக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். ஊருக்குள் செயின்ட் லூயி வீதியில் 1955-இலிருந்து பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், காட்டு வரைபடங்களோடும் உலர்தாவரத் தொகுப்போடும். காலாப்பட்டில் சூழலியல் துறை. மனிதன், விலங்கு, கொசு, காடு என்று நாலையும் படிக்கிற ஆட்கள் ஒரு டூவீலர் தூரத்தில் குடியிருக்கும் ஊர்கள் இந்தியாவில் நிறைய இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

‘நாங்கள்’ என்று நான் எழுதுவது, இந்தப் பக்கம் மருத்துவம், கால்நடை, பூச்சியியல், சுற்றுச்சூழல் என்று ஏதோ ஒன்றைக் கற்பித்துச் சம்பளம் வாங்கும் ஆட்களை. எந்தக் கல்லூரி, எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பழியை அந்த ஒரு கட்டடத்தின் தலையில் போட்டுவிட்டு மற்றவர்கள் நழுவிவிடுவோம். சேர்ந்து வேலை செய்தவர்களே இல்லை என்றும் சொல்லவில்லை. இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் சொந்த சிநேகிதத்தில் செய்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் வேலையும் சேர்ந்து ஓய்வு பெற்றது. அதை ஒரு பல்கலைக்கழகத்தின் பழக்கமாக மாற்றத் தவறியவர்கள் நாங்கள்.

ஒரு நவம்பர் மாதம், ஐப்பசி மழை விட்டிருந்த நேரம். ஐம்பது வயதுப் பெண்மணி, ஒரு வாரக் காய்ச்சல். பயிற்சி மருத்துவர் வரிசையாகக் கேட்டார்: குளிர் இருக்கா, வாந்தி இருக்கா, சிறுநீர் எரியுதா, சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா. டெங்கு இல்லை. மலேரியா இல்லை. டைபாய்டாக இருக்கலாமோ என்று ஒரு மருந்து ஓடியது. நாலாம் நாள் முதுநிலை மாணவி ஒருத்தி பொறுமையாக உடம்பு முழுக்கப் பார்த்தபோது இடது மார்பின் கீழ் மடிப்பில் அது இருந்தது. சிகரெட்டால் சுட்ட மாதிரி, காய்ந்து கறுத்த பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். ஸ்க்ரப் டைபஸ், செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது. டாக்ஸிசைக்ளின் போட்ட இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பொருக்கைப் படம் எடுத்தோம். வியாழக்கிழமை கூட்டத்தில் காட்டிக் கைதட்டு வாங்கினோம்.

வீட்டுக்குப் போகிற நாள் அந்த அம்மா கேட்டார்: “டாக்டரம்மா, மாட்டுக்கும் ரெண்டு நாளா காய்ச்சல். அதுக்கும் இங்கியே சீட்டு போட்டுக்கலாமா?” வார்டே சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

மாட்டின் காய்ச்சலுக்கும் அவர் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருந்திருக்காது. அது வேறு ஏதோ. ஆனால் மாட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் புல்லைப் பற்றிக் கேட்டிருப்போம். புல்லைப் பற்றிக் கேட்டிருந்தால் ஏரிக்கரையில் குந்தி உட்கார்ந்து அறுப்பதையும், கட்டை மார்போடு அணைத்துத் தூக்குவதையும் அவர் சொல்லியிருப்பார். அந்தக் கிருமியைச் சுமப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. எலி, மூஞ்சுறு காதுகளில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். புதரிலும் புல்லிலும் காத்திருந்து, உடையின் இறுக்கமோ தோலின் மடிப்போ கிடைக்கிற இடத்தில் ஒருமுறை கடிக்கும். மார்பின் கீழே ஏன் அந்தப் பொருக்கு என்ற கேள்விக்குப் பதில் புல்லுக்கட்டில் இருந்தது. எந்த ஏரிக்கரை என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. சீட்டில் அதற்கு இடம் இல்லை. இடம் இல்லாததைக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டும் என்று நாங்கள் சொல்லித்தரவும் இல்லை.

நாய்க்கடிப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பெயர், வயது, எந்தக் கால், எத்தனையாவது வகைக் கடி, 0, 3, 7, 28-ஆம் நாள் ஊசிகள், அத்தனைக்கும் கட்டம் உண்டு. கடித்த நாய் என்ன ஆனது? பத்து நாளைக்கு நாய் உயிரோடும் தெம்போடும் இருந்தால் கடித்தபோது அதன் எச்சிலில் வெறிநோய் இல்லை என்று நாங்களே பாடம் நடத்துகிறோம். அந்த நாயைப் போய்ப் பார்க்கிற வேலை யாருடையது என்று நடத்துவதில்லை. 2030-க்குள் நாய்வழி வெறிநோய் சாவு இல்லாமல் செய்வது என்று 2021-இல் தேசியத் திட்டம் வெளியானது. அதன் சுவரொட்டியை ஒட்டினோம். பதிவேடு பழைய பதிவேடுதான்.

இதையெல்லாம் தெரியாத்தனத்தால் செய்தோம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருந்தார்கள்.

1957-இல் கர்நாடகத்து ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பின்னாலேயே காட்டோர ஜனங்களுக்குக் காய்ச்சல், ரத்தக் கசிவு. புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்து ஆட்கள் போய்ப் பார்த்தபோது கிடைத்த வைரஸ், ரஷ்யக் காடுகளின் மூளைக்காய்ச்சல் வைரஸுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியோடு சேர்த்துக் கொண்டுவந்திருக்குமோ? உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. பறவையியலாளர் சலீம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்ட ஆரம்பித்தார்கள். பறவைதான் கொண்டுவந்தது என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஆனால் ஒரு காய்ச்சலைத் துரத்தப் போய் இந்தியாவுக்கு வலசைப் பறவைகளின் கணக்கு கிடைத்தது. அங்கே வேலை செய்த கொலம்பிய மருத்துவர் ஹோர்ஹே போஷெல் வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார். காட்டை வெட்டி, வெட்டிய இடத்தில் மாடு மேய்த்து, மாட்டு ரத்தத்தில் உண்ணி பெருகி, அந்த உண்ணி குரங்கையும் மனிதனையும் கடிக்கிறது என்று 1969-இல் எழுதினார். மரம், மாடு, உண்ணி, குரங்கு, மனிதன் என்று ஒரே சங்கிலி. மனிதன், விலங்கு, சூழல் மூன்றின் நலத்தையும் இப்படி ஒன்றாகப் பார்ப்பதற்கு ‘ஒன் ஹெல்த்’ என்ற பெயர் அப்போது கிடையாது. (இப்போதும் தமிழில் அதற்கு நல்ல பெயர் அமையவில்லை. ஒரே நலம், ஒற்றைச் சுகாதாரம், ஒருங்கிணைந்த ஆரோக்கியம் என்று பதாகைக்குப் பதாகை மாறுகிறது. எதுவும் நாக்கில் ஒட்டவில்லை.)

அந்தக் காட்டில் அலைந்த இளம் ஆய்வாளர்களில் ஒருவர் பி. கே. ராஜகோபாலன். 1975-இல் புதுச்சேரியில் நோய்க்கடத்தி மையம் தொடங்கியபோது அதன் தலைவராக வந்தவர் அவர்தான். 1990 வரை இருந்தார். காலாப்பட்டில் சூழலியல் படிப்பு தொடங்கியபோது அதற்குச் சலீம் அலியின் பெயரையே வைத்திருந்தார்கள். ஒரே காட்டிலிருந்து புறப்பட்ட இரண்டு தடங்கள் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தன. இதைப் பற்றி எங்கள் மாணவர்களுக்கு ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. நானே தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன், வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்து.

1981-லிருந்து 85 வரை இந்த ஊரில் யானைக்கால் நோய்க் கொசுவை நோய்க்கடத்தி மையம் எப்படி எதிர்கொண்டது என்பது பழைய புதுச்சேரிக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். மருந்து அடிப்பதை மட்டும் நம்பாமல் பள்ளம் தூர்த்தார்கள், சாக்கடையைச் சீராக்கினார்கள், கிணற்றிலும் குளத்திலும் மீன் விட்டார்கள். ஆனால் எனக்குப் பிடித்த கதை கேரளத்துச் சேர்த்தலை. அங்கே யானைக்காலைப் பரப்பிய மான்சோனியா கொசுவின் புழு மற்ற புழுக்களைப் போல மூச்சுவிட மேலே வராது. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைக் குத்தி, செடிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும். ஆக, செடியை எடுத்தால் கொசு இல்லை. எடுக்கச் சொன்னால் யார் எடுப்பார்கள்? தென்னைக்கு எருவாகும் செடி அது. அதற்காகவே குளத்தில் வளர்த்தார்கள். புதுச்சேரி மையத்தார் 1980களில் அங்கே போய்ச் செய்தது என்னவென்றால், குளத்துக்கு மீன் கொண்டுவந்தார்கள். மீன் வளர்க்க வேண்டுமானால் செடி போகவேண்டும். மீனில் காசு வந்தது, செடி தானாகப் போனது, கொசு குறைந்தது. பூச்சியியலாளரும் மீன்வளத்தாரும் ஊர்க்காரரும் ஒரே வரப்பில் உட்கார்ந்ததால் நடந்த காரியம் அது.

இன்னொன்று நமக்கு இன்னும் பக்கம். 1980களில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துப் பிள்ளைகளை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. வைரஸ் பெருகுவது பன்றியிலும் கொக்கு நாரையிலும். பரப்புவது நெல் வயலில் வளரும் கியூலெக்ஸ் கொசு. அந்தக் கொசுவுக்கு மனிதனைவிட மாட்டு ரத்தம் பிடிக்கும். மாட்டுக்குள் போன வைரஸ் அங்கேயே முடிந்துவிடும். ஊரில் மாடு குறைந்தால் என்ன ஆகும், பன்றிக் கொட்டில் எங்கே இருக்கிறது, வயலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்டால்தான் இந்த நோய் புரியும். மதுரை மருத்துவப் பூச்சியியல் மையத்தார் விருத்தாசலத்தில் களநிலையம் வைத்து இந்த நோயின் பின்னால் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். வயலில் தண்ணீரை விட்டு விட்டுக் கட்டினால் கொசுப்புழு செத்துப்போகிறது என்று நெல்வயலிலேயே செய்து பார்த்தார்கள். எங்கள் பக்கத்து விவசாயி அதற்குக் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார். வயலுக்குக் காய்ச்சல் கொடுத்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வராது. இந்தச் சிலேடை எங்கள் வகுப்பறைக்குள் வரவே இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் குழந்தை மருத்துவத்தில் நரம்புப் பாடமாக நடத்தினோம், கால்நடைப் பக்கம் பன்றிப் பாடமாக நடத்தினோம். நெல்லை யாரும் நடத்தவில்லை.

பிறகு எப்படி மறந்தோம்? சதி ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் அவரவர் விதிப்புத்தகத்துக்கு ஒழுங்காக நடந்ததில் மறந்தோம்.

எம்.டி. படிப்பு மூன்று வருஷம். முதல் ஆறு மாதத்துக்குள் ஆய்வுத் திட்டம் தரவேண்டும். தேர்வுக்கு ஆறு மாதம் முன்னால் ஆய்வேட்டைக் கட்டிக் கொடுக்கவேண்டும். நடுவில் கிடைப்பது இரண்டு மழைக்காலம். கால்நடை முதுநிலை இரண்டே வருஷம். அதில் ஆய்வுக்குச் சிக்குவது ஒரு மழைக்காலம். இருவரும் ஒரே கிராமத்தில் ஒரே மழையில் வேலை பார்க்கவேண்டுமானால் வழிகாட்டிகள் முந்தைய வருஷமே பேசி வைத்திருக்க வேண்டும். நாங்கள் பேசவில்லை. மாணவர் பதறிக்கொண்டு வந்து நிற்கும்போது, சீக்கிரம் முடிகிற தலைப்பாகக் கொடுத்தோம்: வார்டில் படுத்திருப்பவர்களில் நூறு பேர், ஒரு கேள்வித்தாள், ஒரு ரத்தப் பரிசோதனை. வெளியே போகத் தேவையில்லை. இந்த மாதிரி எத்தனை ஆய்வேடுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

மனித ஆய்வுக்கு ஒரு நெறிக்குழு, விலங்கு ஆய்வுக்கு வேறொன்று. எலி பிடிக்க வேண்டுமென்றால் எந்தக் குழு என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். ஒரு தடவை இந்தக் குழு, அவர்கள் அனுமதித்த கடிதத்தைக் கொண்டுவாருங்கள் என்றது. அந்தக் குழு, இவர்கள் அனுமதித்த கடிதத்தைக் கொண்டுவாருங்கள் என்றது. இரண்டு குழுவிலும் எங்கள் ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தோம். ஐந்து மாதம் போனது. அந்த மாணவர் கடைசியில் ரத்தசோகை பற்றி ஆய்வேடு எழுதினார்.

கட்டுரையில் யார் பெயர் முதலில் என்ற சண்டையை விரிவாக எழுதலாம். எழுத வெட்கமாக இருக்கிறது. பதவி உயர்வுக்கு முன்வரிசைப் பெயருக்குத்தான் மதிப்பு என்று ஆனபிறகு, மூன்று துறை சேர்ந்து உழைத்த கட்டுரையில் மூன்றாவது ஆளாக நிற்க யாருக்கு மனசு வரும்? சமூக மருத்துவத்தில் புள்ளியியலாளருக்கு ஒரு நாற்காலி உண்டு. கால்நடை மருத்துவருக்கு நாற்காலி போடச் சொல்லி நாங்கள் ஒரு கோப்பும் நகர்த்தியதில்லை. அந்தப் பக்கமும் அப்படித்தான். மாட்டுக்கு ஊசி போடப்போய்த் தன் கையில் குத்திக்கொண்டு காய்ச்சலில் விழும் ஊழியரை எந்த மருத்துவர் பார்ப்பார் என்று அங்கே எழுதிவைத்ததில்லை. 2019-இலிருந்து நாடெங்கும் கிடாரிக் கன்றுகளுக்குப் போடப்படும் கன்றுவீச்சுத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. குத்திக்கொண்டால் போடுபவருக்கே நோய் வரலாம்.

கருத்தரங்கு மட்டும் குறையில்லாமல் நடத்தினோம். வரவேற்புரைக்குப் பிறகு வரும் முதல் படத்தில் அந்த எண்கள் இருக்கும்: மனிதனுக்கு நோய் தரும் 1,415 உயிரிகளில் 868 விலங்கிலிருந்து வருபவை என்று 2001-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் எண்ணியது. அதைச் சொல்லி, கோவிட்டைச் சொல்லி, பொன்னாடை போர்த்தி, சாப்பாட்டுக்குக் கலைவோம். சாப்பாட்டு வரிசையில் மருத்துவர்கள் ஒரு மேசை, கால்நடைக்காரர்கள் ஒரு மேசை. நான் பார்த்தவரை அந்த மேசைகள் சேர்ந்ததே இல்லை.

கோவிட்டின்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. 2020-இல் பரேலி, போபால் என்று கால்நடை ஆய்வகங்களே மனித மாதிரிகளைச் சோதித்துக் கொடுத்தன. கதிர்காமம் மருத்துவமனை கோவிட் மருத்துவமனையாகவே மாறியிருந்தது. பிசிஆர் இயந்திரத்துக்குள் போகிற துளி மாட்டினுடையதா மனிதனுடையதா என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அலை ஓய்ந்ததும் எங்களுக்குத்தான் மறுபடியும் பேதம் தெரிய ஆரம்பித்தது. நாடு சும்மா இருக்கவில்லை. 2021-இல் ஹைதராபாத்தைத் தலைமையாகக் கொண்டு 27 நிறுவனங்களின் ஒன் ஹெல்த் கூட்டமைப்பு தொடங்கியது. 2022 டிசம்பரில் நாக்பூரில் இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனத்துக்கு அடிக்கல் நட்டார்கள். சென்னையில் 1989-லிருந்து கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாதவரத்தில் அதன் ஆய்வகத்தார் எலிக்காய்ச்சல் கிருமியைப் பல காலமாக வளர்த்துப் படிக்கிறார்கள். இதையெல்லாம் சுற்றறிக்கையாகப் படித்துக் கையெழுத்திட்டு அடுத்த மேசைக்கு அனுப்பினோம்.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் மாஹேயும் இருக்கிறது என்பதை எங்களில் பாதிப் பேர் விடுமுறைப் பட்டியல் வரும்போதுதான் நினைப்போம். கோழிக்கோட்டுக்கும் கண்ணூருக்கும் நடுவே இருக்கும் துண்டு நிலம் அது. 2018 மே மாதம் பேராம்பிரா பக்கம் பழந்தின்னி வௌவாலின் நிபா வந்தபோது இங்கே நாங்கள் தொலைக்காட்சி பார்த்தோம்.

சுற்றுச்சூழலைப் பற்றி என்ன சொல்வது. கனகன் ஏரி, மருத்துவக் கல்லூரியிலிருந்து நடந்து போகிற தூரம். குருமாம்பேட்டில்தான் நகரத்துக் குப்பைக் கிடங்கு; அதில் மாடு மேயும், நாய் சண்டை போடும், பருந்து வட்டமிடும், மனிதர்கள் பிளாஸ்டிக் பொறுக்குவார்கள். ஒரு மருந்துக்கு அடங்காத கிருமி எங்கே பிறந்து யார் வயிற்றுக்குப் போகிறது என்று படிக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. கோழிப்பண்ணையிலும் மாட்டுத் தீவனத்திலும் கொலிஸ்டினை 2019-இல் அரசு தடை செய்தது. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாக எடுக்கிற மருந்து அதுதான். தடைக்கு முன் அந்த ஏரித் தண்ணீர் எப்படி இருந்தது, பின் எப்படி என்று ஒப்பிட எங்கள் கையில் ஒரு பாட்டில் இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு பாட்டில் மொண்டு வைத்திருந்தால் போதும். அதற்கு நிதி வேண்டாம், ஒரு ஆளும் ஒரு பேனாவும் போதும்.

திறன் திறன் என்று திட்ட அறிக்கையில் எழுதுகிறோமே, அது பெரும்பாலும் இந்த மாதிரி சுவாரசியமில்லாத சமாசாரம்தான் என்பது எனக்குப் பட்டுத்தான் புரிந்தது. மாதிரி எடுத்துவைக்கிற ஆள். அவருக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் இல்லாத வேலை. இரண்டு கல்லூரிக்கும் பொதுவாக ஒரு கிராமம், பத்து வருஷத்துக்கு மாறாமல். மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. அதே வீட்டுக் கொட்டிலுக்குக் கால்நடை மாணவர் ஒருவர் சேர்ந்து போக எந்த விதியும் தடை சொல்லவில்லை. பூச்சியியலில் முதுநிலைப் படிப்பை நோய்க்கடத்தி மையம் இதே பல்கலைக்கழகப் பட்டத்தோடு நடத்திவருகிறது. முன்மாதிரிக்கு வெளிநாடு போகவேண்டாம். அந்தப் பிள்ளைகளையும் கூப்பிட்டால் மூன்று பேர் ஒரு டீக்கடையில் உட்காருவார்கள். இவ்வளவையும் சொல்கிற நான், பட்டுப் புரிந்தது என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷம் முன்பு நாங்கள் மூன்று பேர், வேறு வேறு துறை, சேர்ந்து ஒரு சின்ன வேலை ஆரம்பித்தோம். மாடு எட்டாம் மாதத்தில் கன்று வீசிவிட்டால் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்துப் போடுகிறவர்களுக்கு, மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் இடுப்பு வலியும் வரும். கன்றுவீச்சுக் கிருமியான புரூசெல்லாதான் காரணம். காசநோய் என்றும் டைபாய்டு என்றும் பார்த்துப் பார்த்து ஏமாறுவோம். மாட்டு ரத்தமும் மாட்டுக்காரர் ரத்தமும் ஒரே நாளில் எடுத்து, ஜோடி ஜோடியாகச் சோதிப்பது திட்டம். இரண்டு மாணவர்கள் விடிகாலை நாலரை மணிக்குப் பால் கறக்கிற நேரத்துக்குப் போனார்கள். மாட்டுக்கு ‘மா’, மனிதருக்கு ‘ம’ என்று சின்னக் குப்பிகளில் ஊதா மையால் எழுதினார்கள். ஜோடி பிரியாமல் இருக்க ஒவ்வொரு ஜோடியையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள். அந்த ரப்பர் பேண்டைப் பார்த்து நான் பெருமைப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

குப்பிகள் ஒரு டீப் ஃப்ரீசரில் இருந்தன. யாருடைய ஃப்ரீசர் என்பதில் தெளிவு இல்லை. ஒரு துறையின் இடம், இன்னொரு துறையின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் போய் வந்ததில் ட்ரிப் ஆனது. அலாரம் அடித்திருக்கும், கேட்க ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை திறந்தபோது தட்டில் ஊதாத் தண்ணீர் நின்றது. மை கரைந்து எழுத்து போய்விட்டது. ரப்பர் பேண்டு மட்டும் அப்படியே இருந்தது. எது மா, எது ம என்று தெரியவில்லை. அடுத்த மாதம் ஒரு மாணவர் படிப்பு முடித்துப் போனார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்ப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

ரத்தம் கொடுத்தவர்களிடம் போய்ச் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

அவர்களில் ஒரு பால்காரர் என் வீட்டுப் பக்கத்துத் தெருவில் ஊற்றுகிறவர். நாலு மாடு. முதலில் சில மாதம் “ரிப்போர்ட்டு வந்துச்சா சார்?” என்று கேட்டார். “வரும்” என்றேன். பிறகு நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டு, சண்முகாபுரம் பக்கம் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். போன மாதம் மழையில் அந்தப் பாதை பள்ளம் தோண்டிக் கிடந்ததால் பழைய தெருவில் திரும்பவேண்டியதாயிற்று. கேனோடு நின்றுகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன்: ஃப்ரீசர், ஞாயிற்றுக்கிழமை, மை கரைந்தது, எல்லாம்.

அவர் கேனின் மூடியை ஒருமுறை திருகி இறுக்கினார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னொரு தடவை எடுத்துக்கச் சொல்லியிருப்பேனே சார். அந்த செவலை மாட்டை இப்போ வித்துட்டேன்.”